அலைபேசியில் வந்த அண்ணன்

கடைசியாக அவர்கள் சேர்ந்து செய்த வேலை, மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது.

வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் கறுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அறிவுச்செல்வன் அதற்குள் இறங்கிப் பாசியைத் தேய்ப்பான். அவன் அம்மா தனம் கீழே மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பாள். அவன் ‘போடு’ என்றால் போட வேண்டும். ‘நிறுத்து’ என்றால் நிறுத்த வேண்டும். வருடத்துக்கு ஓரிரு முறை நடக்கிற வேலை. இதில் தவறு வர வழியே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவறு வந்தது. போடு என்றான், தண்ணீர் வந்தது. நிறுத்து என்றான், நிற்கவில்லை. கணுக்காலைத் தொட்டது, முழங்காலுக்கு ஏறியது. மறுபடியும் கத்தினான். தொட்டிக்குள் கத்தினால் சத்தம் கத்தியவன் காதுக்கே திரும்பி வரும். கடைசியில் தலையை வெளியே நீட்டிக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பார்த்தான். தனம் முருங்கை மரத்தடியில் போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் அவள் எப்போதும் சிரிப்பாள். பல்லெல்லாம் புகையிலைக் கறை. கொஞ்ச மாதங்களாக மூடுவதில்லை.

“அம்மா, மோட்டாரு.”

“இர்ரா. அண்ணன் பேசறாரு. அவரால இப்ப முடியல.”

அவரால் முடிகிற வரைக்கும் தண்ணீர் ஏறியது. இவன் தொடை வரை நனைந்து நின்றான். பேசி முடித்து, மோட்டாரை நிறுத்தி, துண்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தவள் முகத்தில் குற்ற உணர்ச்சி ஏதும் இல்லை.

“நனைஞ்சா காஞ்சிடும். அந்த மனுசன் பீடி பத்த வெச்சிருந்தா இத்தினி மாசப் பாடும் போச்சி” என்றாள்.

அவன் துண்டை வாங்காமல் சட்டையால் துடைத்துக்கொண்டான். மதியம் சோறு போட்டபோதும் பேசவில்லை. சாயங்காலம் செய்யாறு பேருந்தில் ஏறியபோது, வழக்கம்போல ‘போய்ட்டு வர்றேன்’ என்றான். அவ்வளவுதான்.

அடுத்த வியாழக்கிழமை காலை தனம் இறந்தாள். நெஞ்சை அடைக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். ஆட்டோவில் ஏற்றினார்கள். மருத்துவமனை வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. புகையிலைதான் காரணமா என்று அறிவு கேட்டான். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

தனம் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போன வயதிலேயே புகையிலை வாய்க்கு வந்துவிட்டது. குனிந்த முதுகு நிமிராத பெண்கள் ஆளுக்கு ஒரு கிள்ளு கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள், பசி தெரியாது. லாரி ஓட்டுநர் வேடியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது புகையிலையும் கூட வந்தது. அவர் இருந்தவரை சண்டை போட்டார், கெஞ்சினார், கடைசியில் அவரே வாங்கி வந்து கொடுத்தார். அறிவு பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது அவர் போய்ச் சேர்ந்தார். தனம் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். பௌர்ணமி கிரிவலம் என்றால் ஒரு அறை காலியாக அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். விரிப்பை உதறி, தலையணை உறையை மாற்றி, குளியலறையைக் கழுவி, சாவியை நீட்டுகிற வரை அவள் வாயைத் திறக்கமாட்டாள். வாயில் புகையிலை இருக்கும். அதிகம் பேசாத நல்ல பொம்பளை என்று லாட்ஜ் முதலாளி பெயர் கொடுத்திருந்தார்.

அறிவுக்குச் செய்யாறு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கொதிகலன்களின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் கருவிகள் அவன் பொறுப்பு. வெப்பம் ஏறினால் எரிபொருளைக் குறை, இறங்கினால் கூட்டு. கருவிக்கு அளவைச் சொல்லிவிட்டால் அது கேட்கும். அம்மா விஷயத்திலும் அதையே செய்து பார்த்தான். டப்பாவை ஒளித்து வைத்தான். அரிசிப் பானையில் இன்னொன்று இருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அளந்து கொடுத்தான். லாட்ஜ் அலமாரியில் தனியாக ஒரு கையிருப்பு இருந்தது. வாய்ப் புற்றுநோய்ப் படங்களைக் காட்டினான். அவள் முழுவதும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நீ சொல்றதெல்லாம் கரெக்ட்டுதான் அறிவு. ஆனா நீ சொல்லும்போதே எனக்கு வாய் ஊறுது. இன்னா பண்ணட்டும்?”

அவன் ஆசை ஒன்றே ஒன்றுதான். அவள் நிறுத்த வேண்டும். அவன் சொல்லி நிறுத்த வேண்டும். இதில் இரண்டு ஆசை இருக்கிறது என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

பல் வலி என்று ஓர் இலவச முகாமுக்குப் போனபோதுதான் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருப்பது தெரிந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இனி தொடக்கூடாது என்றார்கள். அந்த முகாமில் ஒரு மூலையில் மேசை போட்டு மணிமொழி உட்கார்ந்திருந்தாள். உளவியல் ஆராய்ச்சி மாணவி. பழக்கத்தை நிறுத்த நினைக்கும் ஒருவரை, அதேபோல நிறுத்த நினைக்கும் முன்பின் தெரியாத இன்னொருவரோடு சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. குலுக்கலில் ஆள் விழும். ஆசை எழும்போதெல்லாம் அந்த ஆளுக்குப் போன் போட வேண்டும். எடுக்கிறவர் புத்தி சொல்லக்கூடாது; புகையிலை, பீடி என்ற பேச்சே கூடாது. வேறு எதையாவது பேசி, அந்த நேரத்தைக் கடத்திவிட வேண்டும். ஆசை ஏறும், உச்சிக்குப் போகும், ஒன்றும் செய்யாமல் விட்டால் தானே இறங்கிவிடும் என்று மணிமொழி ஒரு கோடு வரைந்து காட்டினாளாம். அறிவு தினமும் திரையில் பார்க்கிற கோடுதான் அது. அவனும் ஒருமுறை அம்மாவிடம் வரைந்து காட்டியிருக்கிறான். அப்போது அவள் கொட்டாவி விட்டாள்.

தனத்துக்குக் குலுக்கலில் விழுந்தவர் சகாதேவன். பீடிக்காரர். விதிப்படி ஒருவர் பெயர் மட்டும்தான் மற்றவருக்குத் தெரியலாம். ஊர், குடும்பம், தொழில் எதையும் சொல்லக்கூடாது. நேரில் பார்க்கவும் கூடாது. பட்டணத்தில் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு இந்த ஜில்லாவைத் தெரியாது. முதல் அழைப்பிலேயே ‘எந்த ஊரு?’ என்று சகாதேவன் கேட்டார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் என்றதும் ‘எந்தத் தெரு?’ என்றார். ஊர் கிடைத்தால் உறவு கிடைக்காமல் போகாது. சகாதேவனின் அக்காவைத் தனத்தின் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வழியில் கணக்குப் போட்டால் அவர் தனத்துக்கு மாமன் முறை ஆகிவிடுகிறார். கட்டிக்கொள்கிற முறை. இரண்டு பேரும் துணையை இழந்தவர்கள். போனில் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லையாம். ஆராய்ச்சிக்காரர்கள் வேறு அவர்களை ‘ஜோடி’ என்றுதான் குறித்திருந்தார்கள்.

‘அப்புறம் அவங்க அம்மா ஊரு எதுன்னு கேட்டேன்’ என்று தனம் பின்னால் அறிவிடம் சொன்னாள். அவர் அம்மாவும் தன் அம்மாவும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்று தெரிந்தது. அக்கா தங்கை முறை. அந்த வழியில் வந்தால் அண்ணன். இரண்டு பேரும் அந்த வழியையே வைத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியின் விதி அன்றைக்கே உடைந்தது. ஆராய்ச்சி மட்டும் பலித்தது.

காலையில் லாட்ஜுக்குக் கிளம்பும் முன் ஒரு அழைப்பு. சாப்பிட்ட பின் ஒன்று. நாலு மணி டீக்கு ஒன்று. தனத்துக்கு வாய் ஊறினால் அவள் போடுவாள், அவருக்குக் கை பரபரத்தால் அவர் போடுவார். அறிவு வாரக்கடைசியில் வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சு காதில் விழும். லாட்ஜில் ஷூ காணாமல் போய் ரிசப்ஷனில் அழுத சாமியார், மல்லாட்டைக்கு மழை வரவில்லை என்பது, எந்த ஊர்க் கோயிலில் எந்த வருடம் யார் தலையில் தேங்காய் விழுந்தது என்பது. தன் அம்மாவுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே அவனுக்குப் புதிது. அவன் செய்யாறிலிருந்து போன் போட்டால் ‘சாப்டியா’ என்பாள், ‘சாப்ட்டேன்’ என்பான், ‘சரி வெச்சிடறேன்’ என்பாள். அதற்கு மேல் அந்தக் கம்பியில் எதுவும் ஓடியதில்லை.

அவளுடைய பழைய டப்பா அலமாரியில் அப்படியே இருந்தது. அறிவு அதைத் திறந்து பார்ப்பான். புகையிலை காய்ந்து சருகாகிக்கொண்டிருந்தது. ஒரு கிள்ளு குறைந்திருக்கக்கூடாதா என்று பார்த்தான். பார்த்த பிறகு, தான் எதைத் தேடுகிறோம் என்பது புரிந்து டப்பாவை மூடினான்.

ஒரு சனிக்கிழமை வேங்கிக்காலிலேயே இருந்த மணிமொழியின் அலுவலக அறைக்குப் போனான். அம்மாவுக்கு ஆளை மாற்ற வேண்டும் என்றான். அவரை எடுத்துவிட்டு யாரைப் போடுவது என்று அவள் கேட்டாள். என்னை, என்றான்.

மணிமொழி சிரிக்கவில்லை, அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“வீட்டு ஆளுங்கள வெச்சும் செஞ்சு பாத்தோம் சார். வாயில வெச்சிக்கிட்டே இல்லன்னு சொன்னாங்க.”

“எங்கம்மா அப்படிச் சொல்லமாட்டாங்க.”

“இதுக்கு முன்னாடி சொன்னதே இல்லீங்களா?”

அரிசிப் பானை அவன் நினைவுக்கு வந்தது. மணிமொழி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்கள ஏமாத்திட்டா அவங்களுக்கு உங்க மூஞ்சியப் பாக்கணும் சார். அவர்கிட்ட தோத்தா, தோத்துட்டேன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடலாம். அவங்க ரெண்டு தடவ தோத்தாங்க. அவர்கிட்ட சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. அவள் தோற்றதுகூட அவனுக்கு வந்து சேரவில்லை.

சாவுச் சேதியை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னபோது அறிவு சகாதேவனை விட்டுவிட்டான். மறந்துபோய் விடவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குப் பின் அம்மாவின் போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய ஒல்லியான ஒருவர் இறங்கினார். கையில் துணிக்கடைப் பை. எதிரில் வந்தவரிடம் வீட்டை விசாரித்தார். பறை அடிக்கிற வீட்டை விசாரிக்க வேண்டியதே இல்லை, ஆனாலும் விசாரித்தார். கண் சரியில்லாதவர் நடக்கிற மாதிரி தரையைப் பார்த்து நடந்து வந்தார்.

அப்போது பெரியப்பா அப்பாசாமி, பிறந்த வீட்டுக் கோடி யார் கொண்டு வருகிறார்கள் என்று பெண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் போகும்போது அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேலை வந்து மேலே விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டு வருவார்கள். தனத்துக்கு யாரும் இல்லை. தூரத்துப் பங்காளி ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார், வந்தபாடில்லை.

“நான் கொண்டாந்திருக்கேங்க” என்றார் சகாதேவன்.

“நீங்க யாருங்க?”

“அண்ணன் முறை.”

அப்பாசாமி விடமாட்டார். எந்த வழியில் அண்ணன் என்று கேட்டார். சகாதேவன் தன் அம்மா பிறந்த ஊர், தெரு, அம்மாவின் அப்பா பெயர், தனத்தின் அம்மாவின் அப்பா பெயர் எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் சொன்னார். மாமன் ஆகிற வழியைச் சொல்லவில்லை. அப்பாசாமி மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, ‘அப்ப சரி’ என்று பெண்களிடம் தலையசைத்தார். சேலையை வாங்கிப் பிரித்தார்கள். சாம்பல் நிறம், மெல்லிய கரை. தனம் தனக்காக எடுத்துக்கொண்டால் இந்த நிறத்தில்தான் எடுப்பாள். பேசிய பேச்சில் அதுவும் வந்திருக்கும்.

அறிவை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். என்ன காரணம் சொல்வது? அம்மாவின் பிறந்த வீடு அவன் சொத்து இல்லை. பிள்ளைக்கு என்று ஆயிரம் சடங்கு இருக்கிறது. அந்தச் சேலை மட்டும் அவன் போட முடியாதது.

சகாதேவன் குனிந்து, கண்ணைச் சுருக்கி, தனத்தின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இப்பத்தான் பாக்கறேன்” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கிளம்பும்போது அறிவின் தோளைத் தொட்டு ‘வர்றேன் மாப்ள’ என்றார். அம்மாவுக்கு அண்ணன் என்றால் அவனுக்கு மாமா. அவன் ‘சரிங்க ஐயா’ என்றான்.

கருமாதி முடிந்து உறவெல்லாம் போன பிறகு அறிவு இன்னும் சில நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தான். அம்மாவின் போனை அணைக்கத்தான் நினைத்தான். அணைக்காமல் சார்ஜில் போட்டு வைத்திருந்தான். நாலு மணி வாக்கில் ஒருநாள் அது அடித்தது. திரையில் ‘அண்ணன்’ என்று வந்தது. அடித்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் கடைசி நொடியில் எடுத்தான்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“தெரியாம பண்ணிட்டேன் தம்பி. கை தானா போயிடிச்சி.” மாப்ள இப்போது தம்பியாகிவிட்டிருந்தது.

“பீடி பத்த வெச்சிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

போனை வைத்துவிடலாம். வைத்தால் அந்த ஆள் பற்ற வைப்பார். பற்ற வைத்தால் அந்த இரண்டு பேர் சேர்ந்து கட்டியது சரிந்துவிடும். அறிவுக்கு அது ஒரு கணம் இனித்தது. பிறகு, அதில் பாதி அம்மா கட்டியது என்பது உறைத்தது.

“எதுனா பேசுங்க” என்றான்.

என்ன பேசுவது என்று சகாதேவன் தடுமாறினார். பிறகு, தங்கச்சி லாரி ஓட்டின கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

“யாரு லாரி ஓட்டனது?”

“உங்கம்மாதான். உனக்குத் தெரியாதா?”

கல்யாணமான புதிதில், போளூரில் சுமை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தபோது, விடிந்தும் விடியாத வேளையில் வேடியப்பன் வண்டியை ஓரம் கட்டி, ‘ஏறு இந்தப் பக்கம்’ என்றாராம். தனம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். எதிரில் ஒரு மாட்டு வண்டி வரும் வரைக்கும் ஓட்டினாள். மாடு மிரளவில்லை, தனம்தான் மிரண்டாள். ஹாரன் எங்கே இருக்கிறது என்று கத்தினாளாம். சகாதேவன் சொல்லும்போதே சிரித்துவிட்டார். பலமுறை கேட்டுச் சிரித்த கதை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

அறிவு சிரிக்கவில்லை. அது அவன் அப்பா. அவன் அம்மா. அவன் வீட்டுக் கதை. எங்கேயோ எவர் நாக்கிலோ இருந்து அவனுக்கு வருகிறது.

“போயிடிச்சி” என்றார் சகாதேவன்.

“என்னது?”

“பத்த வெக்கணும்னு இருந்தது. போயிடிச்சி. போன வெச்சிடட்டுமா?”

வைத்திருக்க வேண்டியதுதான். அறிவுதான் விடவில்லை. அம்மா வேறு என்னவெல்லாம் சொன்னாள் என்று கேட்டான். இந்த மனிதரிடம் அம்மாவின் பொருள் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதை வாங்கிவிட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

சகாதேவன் தயங்கினார். ஒரு வேலை பாக்கி இருந்தது, ஆனால் அது இனி வேண்டாம் என்றார். அறிவு வற்புறுத்தினான். சொன்னார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. புதன்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். மகன் புகழேந்தி அவலூர்பேட்டை ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அம்மா செத்ததிலிருந்து வீட்டுப் பக்கம் வருவதில்லை. இவருக்கு அவனைக் கூப்பிட வாய் வரவில்லை.

“தங்கச்சி சொல்லிச்சு, நான் போயி பேசறேன் அண்ணா, பெத்த புள்ள எங்க போயிடுவான்னு. அந்த வியாழக்கெழம சாயங்காலம் போறதா இருந்துச்சு.”

“நான் போறேன்” என்றான் அறிவு.

இரக்கத்தால் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் அவன் கை படாத ஒன்று பாக்கி இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் முடிக்காததை அவன் முடித்தால் அது அவனுடையதாகிவிடும்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனான். வாசலில் பாதி முடிந்த இரும்புக் கேட் ஒன்று சாய்ந்திருந்தது. புகழேந்தி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டான். இவன் வயதுதான் இருக்கும். அறிவு தன் பெயரைச் சொன்னான், அம்மா பெயரைச் சொன்னான். எந்தத் தனம் என்று புகழேந்தி கேட்கவில்லை.

“ஓ. போன்ல பேசுவாங்களே, அந்தம்மா புள்ளையா? இறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.” கையுறையைக் கழற்றினான். “அப்ப நீங்க எனக்கு மச்சான் முறையா? உங்க வூட்டுல கோடி போட்டாராமே எங்கப்பா. எங்கம்மாவுக்கு ஒரு நல்ல பொடவ எடுத்ததில்ல அந்த ஆளு.”

அறிவு வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினான். கண் என்ற சொல்லோடு புகழேந்தி இடைமறித்தான்.

“நான் ஸ்கூல் படிக்கிறப்ப கால்ல வுழுந்திருக்கேன், பீடிய வுட்டுடுப்பான்னு. எங்கம்மாவுக்கு அந்தப் பொகைதான் நெஞ்சுல எறங்கிச்சு. சாகறப்ப அது கையப் புடிச்சி சத்தியம் பண்ணாரு. பாடை கெளம்பறதுக்குள்ள பின்னால போயி பத்த வெச்சாரு, நான் பாத்தேன். இப்ப எவங்களோ போன்ல ரெண்டு வார்த்த பேசினா வுட்டுட்டாராம். அப்ப நாங்கல்லாம் யாருங்க?”

அறிவுக்கு இந்தக் குரல் தெரியும். வேங்கிக்கால் அலுவலக அறையில் இதே குரலில்தான் அவன் கேட்டான். மணிமொழி சொன்ன பதிலை இங்கே சொல்லலாம். வீட்டாரிடம்தான் பொய் சொல்வார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது, ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன சாயங்காலம் தனக்கு எப்படி இருந்தது என்பதும் அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை.

“எங்கம்மாவும் நான் சொல்லி வுடல” என்றான்.

புகழேந்தி அவனை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தான்.

“டப்பாவ ஒளிச்சி வெப்பீங்களா?”

“வெப்பேன்.”

“கண்டுபுடிச்சிடுவாங்களே.”

“வேற ஒண்ணு வெச்சிருப்பாங்க.”

புகழேந்தி தரையில் கிடந்த கம்பியைக் காலால் ஓரம் தள்ளினான். முகம் இளகுகிறது என்று அறிவு நினைத்தான். அப்படியில்லை.

“அவருக்குத்தான் போன் பேச நல்லா வருதே. எனக்குப் போடச் சொல்லுங்க. அவரு வாயால கேக்கட்டும். அப்ப பாக்கலாம்.”

அறிவாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். ஒரு எழுத்து மாறியிருக்காது. அம்மா வந்திருந்தால் இந்த இடத்தில் என்ன பேசியிருப்பாள்? லாட்ஜ் சாமியாரின் ஷூவைப் பற்றிச் சொல்லியிருப்பாளோ என்னவோ. கண்ணையும் பீடியையும் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இவன் கோபம் ஏறி இறங்கும் வரை ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்திருப்பாள். அவனுக்கு அப்படி ஒரு கதையும் வாயில் வரவில்லை.

“புதன்கெழம காலைல…” என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

புகழேந்தி கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிரைண்டரைப் போட்டான். பொறி பறந்தது. அறிவு இரண்டு அடி தள்ளி, மரப் பெஞ்சில் கிடந்த கம்பித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான். கேட் பெரியது. தேய்க்க வேண்டிய இடம் இன்னும் நிறைய இருந்தது.